சாயத் தொட்டிக்கு ஏற்ற வெப்பப் பம்பு எது?

பட்டு நூலின் பசையைப் போக்க, சோப்பும் சோடாவும் கரைத்த நீரை 90 பாகைக்கு மேல் காய்ச்ச வேண்டியிருப்பதை ஓரிக்கை அங்கத்தினர்கள் நன்கறிவர். விறகுப் புகையில் கண் கலங்கி நிற்போர், 'வெப்பப் பம்பு' நமக்கு உதவுமா என வினவுகின்றனர்.

குளிர்பதனப் பெட்டி உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுகிறதல்லவா? இப்பம்பு வெளியிலுள்ள வெப்பத்தை இழுத்து நீருக்கு ஊட்டுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்திற்கு ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். அதனை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் வகை பிரிகிறது. ஜூரிச் நகர மன்ற மாளிகையில் 1938-இல் அமைத்த பம்பு ஆற்று நீரிலிருந்து எடுத்தது. நம் பாலாற்றை நம்பி அவ்வாறு செய்வார் எவருமிலர்! ஸ்வீடன் நாட்டார் நிலத்தைத் துளைத்துக் குழாய் இறக்குகின்றனர். அங்குள்ள கடுங்குளிருக்கு அச்செலவு தகும். ஆண்டு முழுதும் வெம்மை குன்றாத காஞ்சிக்குக் காற்று வகையே போதும்.

ஆனால், சாதாரணக் காற்றுப் பம்பு 60 பாகையளவில் நின்றுவிடும். கரியமிலவாயுவால் இயங்குவது 90 வரை தரும். விலையோ மிக அதிகம். கிணற்று நீர் 28 பாகை எனக் கொண்டால், சாதாரணப் பம்பே ஏறக்குறையப் பாதி வேலையை முடித்துவிடும், எஞ்சியதற்கே அடுப்பு. ஆகவே வீட்டுக்கொன்று வாங்கிக் கடன்படாமல், பொதுச் சாயச்சாலையில் சங்கமே ஒன்றை அமைப்பது உசிதம் என்போம். கடினநீராயின் சுருளில் சுண்ணாம்பு படியும். அவ்வப்போது துப்புரவு செய்தல் வேண்டும். பம்பு கக்கும் ஈரம் வடிந்த குளிர்காற்றைத் தறிக்கூடத்தினுள் விடலாகாது; பாவு நூல் வறண்டு அறுந்துபோகும்.