மேடு பள்ளத்தில் ஓட்ட எந்த சைக்கிள்?

'முன்னாடியும் ஷாக் அப்சார்பர், பின்னாடியும் ஷாக் அப்சார்பர்... அதுதாம்ப்பா வேணும்!' என்று காலேஜ் போகும் பிள்ளை அடம்பிடிக்கிறதா? கொஞ்சம் பொறுங்கள். மண் பாதை, கல் பாதையில் ஓட்டுவதற்கு, நம் பட்ஜெட்டில் அடங்குவது 'ஹார்ட்டெயில்' சைக்கிள்தான். இதில் முன்சக்கரத்துக்கு மட்டும்தான் அதிர்ச்சி தாங்கி. பின்பக்கம் வெறும் பிரேம். அவ்வளவுதான்!

பின்னால் ஏன் வேண்டாம்?

பின்பக்கம் நல்ல சஸ்பென்ஷன் என்றால் விலை எங்கோ போய்விடும். மலிவு சைக்கிளில் இருப்பது பெரும்பாலும் வெறும் ஸ்பிரிங். மிதிக்க மிதிக்க ஊஞ்சல் மாதிரி ஆடும். மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும். எடையும் அதிகம், ரிப்பேரும் அதிகம். அந்தப் பணத்தை பிரேக்கிலும் டயரிலும் போடுங்கள். இறக்கத்தில் உயிரைக் காப்பாற்றுவது அவைதானே?

கடையில் என்ன பார்ப்பது?

டிஸ்க் பிரேக் இருக்கட்டும். மழை, சேற்றிலும் பிடிக்கும். ஒயர் பிரேக் விலை குறைவு. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் என்றால் ஒற்றை விரலால் அழுத்தினாலே போதும். நீண்ட இறக்கத்தில் கை ஓய்ந்துபோகாது. டயர் 2.2 அங்குல அகலமாவது இருப்பது நல்லது. முன் ஷாக் 100 முதல் 120 மில்லிமீட்டர் அமுங்கினால் தாராளம். இன்னொரு விஷயம்... பார்க்க மலை சைக்கிள் மாதிரியே இருக்கும் சில மலிவு மாடல்களின் கையேட்டில், 'கரடுமுரடான பாதைக்கு அல்ல' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். படிக்காமல் பில் போடச் சொல்லாதீர்கள்!

அளவுதான் ஆரோக்கியம்

'வளர்ற பிள்ளைதானே' என்று யூனிஃபார்ம் தைக்கிற மாதிரி பெரிய சைஸ் வாங்கவே கூடாது. இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்றால், மேல் பாருக்கும் தொடை இடுக்குக்கும் நடுவே 2 அங்குலமாவது இடைவெளி வேண்டும். சீட்டில் உட்கார்ந்து பெடலை அடிவரை மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். சீட் ரொம்பத் தாழ்ந்திருந்தால் முட்டியின் முன்பக்கம் வலி வரும். ரொம்ப உயர்ந்திருந்தால் இடுப்பு இருபுறமும் ஆடி, முட்டியின் பின்பக்கம் இழுக்கும். மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகிறதா? உடல் பாரம் கையில் இறங்கி, உள்ளங்கையின் ஓரத்தில் ஓடும் நரம்பு நசுங்குகிறது என்று அர்த்தம். ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்தச் சொல்லுங்கள். நடுநடுவே பிடியை மாற்றிப் பிடிக்கட்டும்.

செகண்ட் ஹேண்டா?

தாராளமாக வாங்கலாம். ஆனால் வெல்டிங் வைத்த இடங்களில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசையுங்கள். 'லொடக் லொடக்' என்றால் மெக்கானிக்கிடம் காட்டாமல் பணம் தராதீர்கள்.

மொத்தப் பணத்தையும் சைக்கிளுக்கே கொடுத்துவிடாமல் ஹெல்மெட், பம்ப், ஒரு ஸ்பேர் டியூப் இவற்றுக்கு முதலிலேயே எடுத்து வையுங்கள். ஹெல்மெட்டை மட்டும் செகண்ட் ஹேண்டில் வாங்காதீர்கள். ஒருமுறை பலமாக அடிபட்டால் உள்ளே இருக்கும் தெர்மாகோல் மாதிரியான பகுதி நசுங்கிவிடும்; வெளியே கீறல்கூடத் தெரியாது. அடுத்த அடி நேராகத் தலைக்குத்தான்!