கட்டி என்றாலே கர்ப்பப்பையை அகற்ற வேண்டுமா?

“ஸ்கேனில் கட்டி இருக்கிறதாம். கர்ப்பப்பையை எடுத்துவிடலாமா, டாக்டர்?” விருத்தாசலம் பீங்கான் தொழிற்கூடங்களில் பணிபுரியும் பெண்கள் பலர் இவ்வினாவுடனேயே வருகின்றனர். கட்டியைக் காட்டிலும், கூலி இழக்கும் நாட்களே அவர்களுக்குப் பெருங்கவலை. ஆயினும் முதலில் அறிய வேண்டியது, அது எந்தக் கட்டி என்பதே.

மூன்று வகைகள்

சினைப்பை நீர்க்கட்டி கர்ப்பப்பையில் தோன்றுவதன்று. அதன் இருபுறமும் உள்ள சினைப்பைகளில் தோன்றுவது. மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு 5 செ.மீ.க்கும் குறைவான சாதாரண நீர்க்கட்டி பெரும்பாலும் இரண்டு, மூன்று மாதங்களில் தானாகவே மறையும். ஸ்கேனில் சினைப்பையில் பல சிறு கொப்புளங்கள் தென்படுவது வேறு நிலை. இது ஹார்மோன் மாறுபாடு. உணவுமுறை, உடற்பயிற்சி, மருந்து ஆகியவையே இதற்குரிய சிகிச்சை. மூன்றாவது, கர்ப்பப்பைச் சுவரின் தசையில் வளரும் நார்க்கட்டி. இது மிகப் பெரும்பாலும் புற்றுநோயன்று.

நுண்துளைச் சிகிச்சை

மறையாத அல்லது வளர்ந்துவரும் நீர்க்கட்டிக்கும், மிகுந்த உதிரப்போக்கு ஏற்படுத்தும் நார்க்கட்டிக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். லேப்ராஸ்கோப்பி முறையில் முழு மயக்கம் அளித்து, வயிற்றில் 5 முதல் 10 மி.மீ. அளவுள்ள மூன்று அல்லது நான்கு துளைகள் இடப்படும். கரியமில வாயுவால் வயிறு விரிக்கப்பட்டு, கேமரா வழியே பார்த்தபடி கட்டி மட்டும் அகற்றப்படும். அது திசுப் பரிசோதனைக்கு அனுப்பப்படும். கர்ப்பப்பையின் உள்ளறையில் உள்ள நார்க்கட்டியைப் பிறப்புறுப்பு வழியாகவே, வயிற்றில் கீறலின்றி அகற்றலாம்.

பெரும்பாலானோர் ஓரிரு நாட்களில் வீடு திரும்புவர். வாயுவின் காரணமாகத் தோள்வலி தோன்றலாம். அது சில நாட்களில் தணியும். இலகுவான பணிக்கு ஓரிரு வாரங்களில் திரும்பலாம். களிமண் மூட்டை, அச்சு போன்ற பாரம் தூக்குவதை நான்கு முதல் ஆறு வாரங்கள் தவிர்க்க வேண்டும். கட்டி மிகப் பெரிதாயின், அல்லது புற்றுநோய் ஐயம் இருப்பின், வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சையே பாதுகாப்பானது.

கர்ப்பப்பையைக் காப்போம்

மகாராஷ்டிர மாநிலம் பீட் மாவட்டத்தில், கரும்பு வெட்டும் பெண்கள் பலருக்கு இளம் வயதிலேயே கர்ப்பப்பை அகற்றப்பட்ட செய்தி 2019இல் நாட்டையே உலுக்கியது. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் மத்திய அரசின் நெறிமுறைகளைப் பின்பற்றுமாறு 2023இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. இளம் வயதில் கர்ப்பப்பையுடன் சினைப்பைகளையும் இழந்தால் எலும்புத் தேய்மானமும் இதயநோய் வாய்ப்பும் மிகும். பிற சிகிச்சைகள் பயனளிக்காதபோது கர்ப்பப்பை நீக்கம் தேவையாகலாம். அதுவும் பல வேளைகளில் நுண்துளை முறையில் இயலும்.

மருத்துவரிடம் தயங்காது கேளுங்கள்: கட்டி எங்குள்ளது? அளவு என்ன? காத்திருக்கலாமா? கட்டியை மட்டும் அகற்ற இயலுமா? முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இச்சிகிச்சை அடங்குமா?

உடனே வர வேண்டியவை

அடிவயிற்றின் ஒருபுறம் திடீரெனக் கடும் வலியும் வாந்தியும் ஏற்பட்டால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கக்கூடும். விடியும்வரை காத்திராமல் உடனே வாருங்கள். மாதவிடாய் நின்றபின் தோன்றும் உதிரப்போக்கு சிறிதளவே ஆயினும் பரிசோதிக்கப்பட வேண்டும்.