சுக்கு காப்பியும் குடிநீரும்

தாம்பரம் சானடோரியம் என்று ஒரு ரயில் நிலையத்துக்கே பெயர் வாய்க்கக் காரணமாயிருந்தது, டாக்டர் சௌரிமுத்து என்பவர் 1928-ல் க்ஷயரோகிகளுக்காகப் பச்சைமலை அடிவாரத்தில் நிறுவிய ஆரோக்கிய நிலையம். 1937-ல் சர்க்கார் வசமான அது, இன்றும் நெஞ்சக நோய் மருத்துவமனையாக நடந்துவருகிறது. அதே வட்டாரத்தில் 2005-ல் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் வந்து சேர்ந்ததால், மேல்நாட்டு வைத்தியமும் நம் வைத்தியமும் அண்டை வீட்டுக்காரர்களாகிவிட்டன. ஆனால் சளியும் இருமலும் கண்டவர் இவ்விரண்டையும் நாடுமுன் போய் நிற்பது, பெரும்பாலும், மாலை வேளையில் சைக்கிளில் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு வரும் சுக்கு காப்பிக்காரரிடந்தான்.

அந்தப் பானத்தில் சேரும் வஸ்துக்கள் எதுவும் நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்கு அந்நியமல்ல: சுக்கு, மல்லி, மிளகு, அவரவர் வழக்கப்படி திப்பிலியோ ஏலக்காயோ, இனிப்புக்குக் கருப்பட்டி. பக்குவந்தான் விசேஷம். சுக்குக்குப் புறத்தோல் நஞ்சு, கடுக்காய்க்கு உள்விதை நஞ்சு என்பது வைத்தியர்களின் பழைய விதி. ஆகையால் சுக்கைக் கத்தியால் சுரண்டித் தோல் நீக்கி, உரலில் நன்றாக இடித்து (மிக்ஸியை நம்பி முழுச் சுக்கைப் போட்டவர்களுக்கு அதன் கடினம் தெரியும்), வாசனை எழும்வரை வறுத்துப் பொடித்த மல்லியோடு சேர்க்கிறார்கள். கருப்பட்டியைத் தனியே கரைத்து வடிகட்டாவிட்டால் கடைசி மடக்கில் மணல் நெறுநெறுக்கும். இஞ்சி காய்ந்து சுக்காகும்போது அதிலுள்ள ஜிஞ்சரால் என்னும் காரப்பொருளில் ஒரு பகுதி, அதைவிட உறைப்பான ஷோகாலாக மாறுகிறதென்று ரசாயன சாஸ்திரம் கூறுகிறது; பச்சை இஞ்சிக்கில்லாத உறைப்பு சுக்குக்கு வருவது அதனால்தான்.

சித்த வைத்தியர்கள் தரும் குடிநீர் வேறு ஜாதி. நிலவேம்புக் குடிநீரிலும் சுக்கும் மிளகும் உண்டென்றாலும், அதன் 9 சரக்குகளில் மற்றவை நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம். 2020-ல் கொரோனா பரவியபோது தெருத்தெருவாக விநியோகிக்கப்பட்ட கபசுரக் குடிநீருக்கோ சரக்குகள் 15. சுக்கு, திப்பிலி, இலவங்கம் நீங்கலாக அவற்றில் பெரும்பாலானவற்றைச் சமையலறை கண்டதேயில்லை.

சுக்கு பொதுவாக இருப்பதாலேயே இரண்டையும் ஒன்றெனக் கொண்டு, குடிநீரையும் காப்பிபோல் வேளைக்கொரு டம்ளர் அருந்துகிறவர்கள் இருக்கிறார்கள். சுக்கு காப்பி நாவுக்கும் தொண்டைக்கும் இதமளிக்கும் பானம். மிஞ்சினால் வயிறு எரியும், அவ்வளவே. குடிநீர் ஔஷதம்; அதற்கு அளவும் காலமும் உண்டு, கர்ப்பிணிகளும் வேறு மருந்து உட்கொள்வோரும் வைத்தியரைக் கேளாமல் அதைத் தொடலாகாது. டெங்கு ஜுரமோ என்று சந்தேகம் எழுந்த வீட்டில் நிலவேம்பை மட்டும் நம்பி ரத்தப் பரிசோதனையை ஒத்திப்போடுவதை, எந்த நல்ல சித்த வைத்தியரும் ஒப்பமாட்டார்.

வைத்தியர் சொல்லி வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: குடிநீருக்கான சூரணம் மாவாக இராமல் கொரகொரப்பாக இருக்கும், 240 மில்லி நீரில் இட்டால் 60 மில்லியாகச் சுண்டும்வரை சிறு தீயில் காய்ச்சி வடிகட்ட வேண்டும். அப்படி இறக்கிய குடிநீருக்கு நம் நூல்கள் விதித்த ஆயுள் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். காலையில் காய்ச்சி ஃபிளாஸ்கில் ஊற்றி ஆபீஸுக்கு எடுத்துப்போய் மாலையில் குடிக்கும் வழக்கத்துக்கு அந்த நூல்களில் இடமில்லை.