வெள்ளி ரூபாயின் மெய்யும் பொய்யும்

வேதாரண்யத்துப் பழைய வீடுகளின் பெட்டகங்களில் பாட்டியார் காலத்து விக்டோரியா வெள்ளி ரூபாய் இருக்கக் கண்டு, அதனை விலைகொடுத்து வாங்க விழையும் நாணய சேகரிப்பாளர், முதற்கண் அதைத் தராசில் இட்டுப் பார்ப்பது உத்தமம். ஒரு தோலா, அதாவது சுமார் 11.66 கிராம் இருக்கவேண்டிய அந்நாணயம், தேய்மானத்துக்கும் மிஞ்சி எடை குறைந்திருந்தால் சந்தேகத்துக்கு இடமுண்டு. காந்தத்தில் ஒட்டினாலோ போலியென்பது நிச்சயம். அச்சில் அடித்த அசல் நாணயத்தில் எழுத்துக்கள் துலக்கமாக நிற்க, வார்த்தெடுத்த கள்ள நாணயத்திலோ, மழுங்கிய எழுத்துக்களும், முகத்தில் நுண்ணிய குழிகளும், சிலவற்றில் விளிம்பைச் சுற்றி இணைப்புக்கோடும் பூதக்கண்ணாடியில் புலனாகும். 1940-இல் ரூபாயின் வெள்ளியைப் பாதியாகக் குறைத்த அரசாங்கம், கள்ள நாணயத்தைத் தடுக்கும் பொருட்டு, ஆறாம் ஜார்ஜ் ரூபாயின் விளிம்பு வரிகளின் நடுவே பாதுகாப்புப் பள்ளம் ஒன்றையும் அமைத்தது. ஆகவே, விளிம்பைப் பாராமல் விலை பேசுதல் விவேகமன்று.