அழியா நஞ்சுகள் – 7: இருமினாலே முறிந்த எலும்பு

ஜப்பானின் டொயாமா மாவட்டத்தில், கடலைச் சேர்வதற்கு முன் ஜின்சூ ஆறு நெல்வயல்களுக்கு நடுவே ஓடுகிறது. நோய் அந்த வயல்களில் உழைத்த பெண்களைத்தான் பிடித்தது. முதலில் இடுப்பு வலி, முழங்கால் வலி. வயல்வேலை செய்கிறவர்களுக்கு வராத வலியா என்று விட்டுவிட்டார்கள். பிறகு நடை மாறியது. வாத்துபோல இரு பக்கமும் சாய்ந்து சாய்ந்து நடந்தார்கள். அதன்பின் படுத்த படுக்கைதான். இருமினால் விலா எலும்பு முறிந்தது. நோய் முற்றிய ஒருவரின் உடலில் 72 முறிவுகள் எண்ணப்பட்டன. 30 சென்டிமீட்டர்வரை உயரம் குறைந்துபோனவர்களும் உண்டு. ‘வலிக்குதே, வலிக்குதே’ என்ற அவர்களுடைய கதறலே ‘இட்டாய்-இட்டாய்’ என்று நோய்க்குப் பெயராகிவிட்டது.

போர் முடிந்து 1946-ல் ஊர் திரும்பிய மருத்துவர் நொபொரு ஹாகினோவின் குடும்ப மருத்துவமனைக்கு இந்தப் பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சத்துக்குறைவு, ஓயாத உழைப்பு, அடுத்தடுத்த பிள்ளைப்பேறு என்றுதான் அவரும் முதலில் நினைத்தார். ஆனால் நோயாளிகளின் வீடுகளை வரைபடத்தில் குறித்தபோது, எல்லாப் புள்ளிகளும் ஜின்சூ தண்ணீர் பாயும் பகுதிக்குள் அடங்கின. வறுமை ஆற்றுப் பாசன எல்லையோடு நின்றுவிடுமா என்ன? ஆற்றின் மேற்பகுதியில் மிட்சுயி நிறுவனத்தின் காமியோக்கா துத்தநாகச் சுரங்கம் இருந்தது. சுரங்கக் கழிவுதான் காரணம் என்று 1957-ல் ஹாகினோ சொன்னபோது கேலிதான் மிஞ்சியது. வேளாண் அறிஞர் கின்இச்சி யோஷியோக்காவும் வேதியியலாளர் ஜுன் கோபயாஷியும் துணைநின்றார்கள். 1961-ல் குற்றவாளியின் பெயர் வெளியே வந்தது: காட்மியம்.

துத்தநாகத் தாதுவோடு ஒட்டிக்கொண்டே வரும் உலோகம் இது. கழிவோடு ஆற்றில் கலந்து, வாய்க்கால் வழியே வயலுக்குள் புகுந்து, நெல்லின் வேரில் ஏறி அரிசிக்குள் வந்துவிட்டது. மண்ணில் மக்காது. உடலுக்குள் போனதில் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும்.

எலும்பு நோய் என்றாலும், முதல் அடி விழுவது சிறுநீரகத்தில். நல்ல சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டியபின், உடலுக்குத் தேவையான பாஸ்பேட்டையும் கால்சியத்தையும் நுண்குழாய்கள் வழியாக மீட்டுக்கொள்ளும். காட்மியம் சேர்ந்து சேர்ந்து அந்தக் குழாய்களைப் பாழாக்குகிறது. மீட்க வேண்டியதெல்லாம் சிறுநீரோடு போய்விடுகிறது. வைட்டமின் டி கடைசியாகச் செயல்வடிவம் பெறுவதும் இதே குழாய்களில்தான். அதுவும் கெட்டால், புதிதாக உருவாகும் எலும்பு இறுகாமல் மெத்தென்று நின்றுவிடும். பெண்கள் ஏன்? இரும்புச்சத்து குறைந்த குடல் காட்மியத்தைக் கூடுதலாக உறிஞ்சும். பிள்ளைப்பேறு இரும்பையும் கால்சியத்தையும் கரைத்திருந்தது. மாதவிடாய் நின்றபின் எலும்புக்கு இருந்த கடைசிக் காவலும் போனது. சத்துக்குறைவு பேச்சு முழுப் பொய்யில்லை. நஞ்சுக்கு அது கதவைத் திறந்துவைத்தது. அதையே முழுக் காரணமாக்கி, நோயாளியின் தட்டின்மேலேயே பழியைப் போட்டதுதான் அநியாயம்.

1968-ல் ஜப்பான் அரசு இதை மாசுபாட்டால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது. அந்த நாட்டில் அப்படி ஒப்புக்கொள்ளப்பட்ட முதல் நோய் இதுதான். அதே ஆண்டு வழக்கு; 1971-ல் வெற்றி, 1972-ல் மேல்முறையீட்டிலும் வெற்றி. இழப்பீட்டோடு மக்கள் நிற்கவில்லை. சுரங்க ஆலைக்குள் நிபுணர்களோடு போய்ச் சோதனையிடும் உரிமையையும், அதற்கான செலவை நிறுவனமே ஏற்பதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டார்கள். என்னைக் கேட்டால், தீர்ப்பைவிடப் பெரிய வெற்றி இதுதான். வயல் மண்ணைச் சீரமைக்கும் பணி 2012 வரை நீண்டது. அரசு நோயாளிகளாக ஏற்றுக்கொண்டவர்கள் சுமார் 200 பேர்.

இவ்வளவு நஞ்சு நம் தட்டில் இல்லை என்று நிம்மதியடையலாம். ஆனால் சுவீடனிலும் பெல்ஜியத்திலும் நடந்த ஆய்வுகள், மிகக் குறைந்த அளவு காட்மியம்கூட எலும்பு அடர்த்திக் குறைவோடும் முறிவுகளோடும் சேர்ந்தே காணப்படுவதைக் காட்டியிருக்கின்றன. அதுவேதான் காரணமா என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் ஓயவில்லை. புகையிலைச் செடி மண்ணிலுள்ள காட்மியத்தை இலையில் சேர்த்துவைக்கும் என்பதில் மட்டும் விவாதமில்லை. எலும்புக்கு வலுவேண்டி கால்சியம் மாத்திரை விழுங்குகிறவர்கள் முதலில் பீடியையும் சிகரெட்டையும் விடுங்கள்.

(தொடரும்)