சாலைப் பாதுகாப்பும் பேசும் வாகனங்களும்

ஊருக்குச் சாலை வேண்டும் என்று ஒரு காலத்தில் மனுக் கொடுத்தோம். சாலை வந்தது. சாலையோடு பஸ் வந்தது. விளைபொருள் அன்றைக்கன்றே சந்தைக்குச் சென்றது. நோயாளி அன்றிரவே மருத்துவமனை சேர்ந்தார். இன்றோ அதே சாலையைக் குறித்து வேறொரு கவலை நம்மை வாட்டுகிறது. மாலையில் வயலிலிருந்து புறப்பட்டவர் நலமாக வீடு வந்து சேர வேண்டுமே என்பதே அக்கவலை.

2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் நிகழ்ந்த சாலை விபத்துகள் 4,61,312. அவற்றில் மாண்டவர் 1,68,491 பேர். அவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். ஏறத்தாழ 19 பேர் நடந்து சென்றவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் அவ்வாண்டு 64,105 விபத்துகள் நேர்ந்து, 17,884 பேர் உயிரிழந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் மாநிலங்களுள் முதலிடம் நமக்கே கிடைத்தது. நாம் விரும்பிப் பெறத்தக்க முதலிடம் அன்று இது.

அண்மையில் நம் ஒன்றியத்துக் கிராம சபை ஒன்றில் இதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. "ஒன்றோடொன்று தாமே பேசிக்கொள்ளும் கார்கள் வந்துவிட்டனவாமே! அவை பெருகினால் விபத்து நின்றுவிடும் அல்லவா, ஐயா?" என்று ஓர் இளைஞர் வினவினார். அருகில் அமர்ந்திருந்த முதிய குடியானவர் ஒருவர், "அந்தக் கார் நம்ம டிராக்டரோடும் பேசுமா?" என்றார். சபையில் சிரிப்பு எழுந்தது. ஆயினும் அவ்விரு வினாக்களும் சிந்திக்கத்தக்கவை. அவற்றிற்கு நம்மால் இயன்ற விடையை இங்கே கூறுவோம்.

வாகனம் பேசுவது எவ்வாறு?

வாகனம் பேசுகிறது என்றால் வாய் திறந்து பேசுவதன்று. ரேடியோ அலை மூலம் செய்தி அனுப்புகிறது என்பதே பொருள். தான் இருக்கும் இடத்தை வானிலுள்ள செயற்கைக் கோள்களின் உதவியால் அறிந்து, தன் வேகம், செல்லும் திசை, பிரேக் பிடித்துள்ளதா என்னும் விவரங்களை ஒரு வினாடிக்குப் பத்து முறை அது சுற்றிலும் அறிவிக்கிறது. சுமார் 300 மீட்டர் தூரத்திற்குள் அதே வகைச் சாதனம் பொருத்திய வேறு வாகனம் இருந்தால், அச்செய்தியைப் பெற்று, இருவரும் மோதிக்கொள்ளும் அபாயம் உண்டா என்று கணக்கிட்டு, ஓட்டுநரை எச்சரிக்கிறது. வளைவுக்கு அப்பாலும், முன்னே செல்லும் லாரிக்கு அப்பாலும் உள்ளதைக் கண் காணாது. ரேடியோ அலையோ பெரும்பாலும் அங்கும் எட்டும்.

இதன் பயனை ஒரு சிறு கணக்கால் உணரலாம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு வினாடியில் 22 மீட்டர் தூரம் கடக்கிறது. அபாயத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க, விழிப்பான ஓட்டுநருக்கும் ஒரு வினாடியோ சற்று அதிகமோ ஆகிறது. மிதித்த பிறகு, உலர்ந்த நல்ல சாலையிலும் வண்டி நிற்பதற்கு ஏறக்குறைய 35 மீட்டர் வேண்டும். ஆக, குறைந்தது 57 மீட்டர். இரவில், தாழ்த்திய முகப்பு விளக்கின் ஒளியில், விளக்கில்லாத டிரெய்லர் ஒன்று கண்ணுக்குப் புலப்படுவது சுமார் 50 மீட்டர் தூரத்தில்தான். கண்ட பிறகு மிதித்தாலும் மோதல் நேர்ந்தே தீரும் என்பது இதனால் விளங்கும். ஆனால் 300 மீட்டருக்கு முன்னரே செய்தி கிட்டினால், ஓட்டுநருக்கு 13 வினாடி அவகாசம் உண்டு. உயிர் தப்ப அதுவே போதும்.

பிற நாடுகளின் அனுபவம்

அமெரிக்காவில் இதற்கென்று தனி ரேடியோ அலைவரிசை 1999ஆம் ஆண்டிலேயே ஒதுக்கப்பெற்றது. ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் 2015ஆம் ஆண்டில் இத்தகைய சாதனமுள்ள கார்களை விற்பனைக்குக் கொணர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மார்ச் 31 முதல், புதிதாக அனுமதி பெறும் கார் வகைகள் ஒவ்வொன்றிலும், கடுமையான மோதல் நேர்ந்தால் தானாகவே 112 என்னும் எண்ணை அழைத்து, விபத்து நடந்த இடத்தைத் தெரிவிக்கும் சாதனம் இருக்க வேண்டும் என்பது சட்டமாயிற்று. ஓட்டுநர் நினைவிழந்து கிடந்தாலும் வண்டியே உதவி கோருகிறது.

இத்தனை ஆண்டுகள் கழிந்தும், ஒன்றோடொன்று பேசும் வாகனங்கள் உலகில் இன்னும் சிறுபான்மையே. ஒரு கை தட்டினால் ஓசை எழுமா? செய்தி அனுப்பும் வாகனமும் வேண்டும். பெறும் வாகனமும் வேண்டும். நம் சாலைகளிலோ காரும் பஸ்ஸும் மட்டுமா செல்கின்றன? சைக்கிளும் மாட்டு வண்டியும் செல்கின்றன. கரும்பு ஏற்றிய டிரெய்லர் செல்கிறது. ஆட்டு மந்தை குறுக்கிடுகிறது. இவற்றுள் ஒன்றும் ரேடியோவில் பேசுவதில்லை.

நம் நாட்டில் வந்துள்ளவை

ஆயினும் நாம் வாளாவிருக்கவில்லை. 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் பஸ், டாக்ஸி முதலிய பொதுப் பிரயாண வாகனங்களில், வண்டி இருக்குமிடத்தைத் தெரிவிக்கும் சாதனமும், ஆபத்தில் அழுத்துவதற்கான பொத்தானும் அமைய வேண்டும் என மத்திய அரசு விதித்தது. ஆட்டோ ரிக்‌ஷாக்களுக்கு இவ்விதி பொருந்தாது. பஸ்ஸில் பிரயாணம் செய்யும் நம் பெண்டிரும் பிள்ளைகளும் அப்பொத்தான் எங்குள்ளது என்று அறிந்திருத்தல் நலம்.

மற்றொன்று விபத்துகளின் கணக்கைப் பற்றியது. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய கணினி முறை ஒன்று 2021ஆம் ஆண்டில் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் முதலில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி போலீஸார் விபத்து நடந்த இடத்திலிருந்தே கைபேசி மூலம் இடம், காலம், புகைப்படம் ஆகியவற்றைப் பதிவு செய்கின்றனர். ஒரே வளைவில் மூன்று ஆண்டுகளில் மூவர் மாண்டால், முன்பு அவை மூன்று தனித்தனி வழக்குகள். இப்போது அவை வரைபடத்தில் ஒரே புள்ளியில் குவிந்து, அவ்விடத்தின் குறையை அதிகாரிகளுக்குக் காட்டுகின்றன. ஆகவே, சமரசம் பேசி ஊரோடு முடித்துவிடும் விபத்து கணக்கில் ஏறாது. கணக்கில் ஏறாத இடத்திற்குச் சீர்திருத்தமும் எளிதில் வாராது. இதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

கிராமம் செய்யத்தக்கவை

புதிய சாதனங்கள் எல்லாவற்றின் தத்துவமும் ஒன்றே: அபாயம் கண்ணெதிரே வருமுன் அதன் செய்தி வந்துவிட வேண்டும். இத்தத்துவத்தைச் சிறு செலவில் நம் ஊரிலேயே நடைமுறைப்படுத்தலாம்.

முதலாவது, டிரெய்லரின் பின்புறம் சிவப்பும், பக்கங்களில் மஞ்சளும், முன்புறம் வெள்ளையுமாக ஒளி திருப்பும் பட்டைகள் ஒட்டுதல். எதிரே வரும் விளக்கொளியை அவை திருப்பியனுப்புவதால், வெறும் தகரம் தென்படும் தூரத்தினும் பன்மடங்கு தூரத்தில் ஓட்டுநர் வண்டியை அறிவார். மாட்டு வண்டிக்கும் சைக்கிளுக்கும் இதே பட்டை உதவும். சேறு படிந்தால் துடைத்தல் அவசியம்.

இரண்டாவது, ஊர்ச் சாலை பெருஞ்சாலையைச் சேரும் இடம். அங்கே பார்வையை மறைக்கும் சீமைக் கருவேலத்தை அகற்றி, தெருவிளக்கு எரிகிறதா என்று கவனிக்க வேண்டும். பெருஞ்சாலையில் எச்சரிக்கைப் பலகை தேவையாயின், கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி நெடுஞ்சாலைத் துறைக்கு அனுப்பலாம்.

மூன்றாவது, அறுவடைக் காலத்தில் கொள்ளும் கேழ்வரகும் சாலையில் பரப்பும் வழக்கம். வண்டிச் சக்கரம் கதிரடித்துத் தருவது வசதியே. ஆனால் தாளின் மேல் ஏறிய இரு சக்கர வாகனம் சறுக்கினால், வீழ்பவர் பெரும்பாலும் நம் ஊர்ப் பிள்ளையே. களமில்லாத ஊர்கள் அதைக் கேட்டுப் பெறுவதே முறை.

நான்காவது, விபத்து நேர்ந்த பின் செய்ய வேண்டிய உதவி. சாட்சி சொல்ல அலைய வேண்டுமே என்று அஞ்சி ஒதுங்கிய காலம் போயிற்று. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பெற்ற 134-ஏ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவுவோர்க்குப் பாதுகாப்பளிக்கிறது. விரும்பாவிடில் தம் பெயரைக் கூட அவர் கூற வேண்டியதில்லை. 108ஐ அழைக்கும்போது ஊர்ப் பெயருடன் கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் கூறினால் வண்டி தேடியலையாது. அடிபட்டோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கப்பெற்றது. செலவுக்கு அஞ்சித் தயங்குவது கூடாது.

கிராம சபையில் அந்த முதியவர் கேட்ட கேள்விக்கு நாம் அன்று கூறிய விடை இதுவே: "கார் உங்கள் டிராக்டரோடு பேசும் நாள் வரலாம். அதுவரையில் அதன் பின்புறத்துச் சிவப்புப் பட்டை உங்களுக்காகப் பேசட்டும்." அடுத்த வாரமே அவர் டிரெய்லரில் பட்டை ஒட்டியிருந்ததைக் கண்டோம். ஒன்றியத்தில் இன்னும் பல டிரெய்லர்கள் இருளில் ஊமையாகவே செல்கின்றன. அடுத்த கிராம சபைக்கு முன் தம் ஊரில் அவை எத்தனை என்று ஒவ்வொரு பஞ்சாயத்து அங்கத்தினரும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.