இரு கம்பியும் மூன்று கம்பியும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

பெருக்கியைப் போட்டவுடன், பாட்டு வருவதற்கு முன்னரே 'ம்ம்' என்று ஓர் உறுமல் எழுவதை நாம் கேட்டிருக்கிறோம். அது நம் வீட்டு மின்சாரத்தின் குரல். நொடிக்கு 50 சுழற்சி. அதன் மடங்கான 100-ம் கூடவே கேட்கும். அது பாட்டில் எப்படிக் கலக்கிறது என்பதை அறிய, நாம் வகுப்பில் படிக்கும் ஓம் விதியே போதும்.

சி.டி. பிளேயரிலிருந்து பெருக்கிக்குச் செல்லும் சாதாரண ஆர்.சி.ஏ. வயரில் நடுவே ஒரு கம்பி, அதைச் சுற்றிப் பின்னல் உறை. சிக்னல் நடுக்கம்பி வழியே சென்று உறை வழியே திரும்புகிறது. இதுவே சமனிலா இணைப்பு. வெளி இரைச்சலைத் தடுக்கவும் வேண்டும், சிக்னலுக்குப் பாதையாகவும் இருக்க வேண்டும் என உறைக்கு இரண்டு வேலை. தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. இரு கருவிகளின் உலோகப் பெட்டிகளுக்கிடையே சிறிதளவு மின்னழுத்த வேறுபாடு இருந்தாலும் உறையில் மின்னோட்டம் ஓடும். உறைக்கும் மின்தடை உண்டல்லவா? அங்கே தோன்றும் மின்னழுத்தம் சிக்னலோடு சேர்ந்துவிடும். பாட்டு எது, உறுமல் எது என்று பெருக்கிக்குத் தெரியாது. இரண்டையும் பெருக்கித் தரும்.

சமனிணைப்பில் எக்ஸ்.எல்.ஆர். முனைக்கு மூன்று ஊசிகள். முதல் ஊசி உறைக்கு; இரண்டாவதும் மூன்றாவதும் சிக்னலுக்கு. ஒன்றோடொன்று முறுக்கிய இரு கம்பிகளிலும் இரைச்சல் ஒரே அளவாக ஏறும். பெருக்கியின் வாயிலில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிறார்கள். +2 வோல்ட்டிலிருந்து -2 வோல்ட்டைக் கழித்தால் 4 வோல்ட் சிக்னல், 0.1-லிருந்து 0.1 போனால் இரைச்சல் இல்லை. எதிரெதிர்க் குறியால்தான் இரைச்சல் ஒழிகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. இரு கம்பிகளுக்கும் புவியிணைப்புக்கும் இடையே உள்ள மின் எதிர்ப்பு சமமாக இருப்பதே காரணம். தொலைபேசிக் கம்பிகள் இரண்டிரண்டாக நெடுந்தொலைவு சென்றதும் இந்தத் துணிவில்தான்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். சென்ற ஆண்டு என் தாய்மாமா சீட்டுப் பணத்தில் பெருக்கி வாங்கக் கிளம்பியபோது என்னையும் அழைத்துப் போனார். கடைக்காரர் விலை கூடிய ஒன்றில் இரண்டு இணைப்பையும் மாற்றி மாற்றிப் போட்டு, "மூன்று ஊசியில் எப்படி எடுக்கிறது பாருங்கள்" என்றார். உண்மையிலேயே எடுப்பாக இருந்தது. இரண்டுக்கும் மாமாவின் ஒரு மாதச் சம்பளம் வித்தியாசம். "மாப்ளே, நீதான் படிச்சவன், சொல்லு" என்றார்.

நான் பில் தாளின் பின்புறத்தில் கணக்குப் போட்டேன். அந்தக் கருவி ஆர்.சி.ஏ. வழியே 2 வோல்ட், எக்ஸ்.எல்.ஆர். வழியே 4 வோல்ட் தருவது. இரு மடங்கு மின்னழுத்தம் என்றால் 6 டெசிபல். காது அதைத்தான் 'நல்ல ஒலி' என்று சொல்லியது. மூன்று ஊசியில் போடும்போது ஒலிக் குமிழைச் சற்றுக் குறைத்து வைக்கச் சொன்னேன். பிறகு எது எதுவென்று மாமாவுக்குத் தெரியவில்லை, கடைக்காரருக்கும்தான்!

அந்தக் கூடுதல் 6 டெசிபல் வீட்டுக்குத் தேவையுமில்லை. பெருக்கியின் பெருக்கம் 26 டெசிபல், அதாவது 20 மடங்கு என்று கொள்வோம். 2 வோல்ட் 40 வோல்ட் ஆகும். 8 ஓம் ஒலிபெருக்கியில் அது 200 வாட். நம் கூடத்துக்குச் சில வாட்டே மிகுதி. ஆகவே குமிழ் பெரும்பாலும் சிக்னலைக் குறைக்கும் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. மேடையிலிருந்து இருபது, முப்பது மீட்டர் ஓடும் மைக் வயருக்குச் சமனிணைப்பு கட்டாயம் வேண்டும். மைக் தருவது சில மில்லிவோல்ட்தான். அலமாரியின் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் இடையே ஒரு மீட்டருக்கு எதற்கு?

மாமா விலை குறைந்ததையே வாங்கினார். வீட்டில் மாட்டியதும் லேசான உறுமல் இருந்தது. இரு கருவிகளின் பிளக்குகளையும் ஒரே மின்பலகையில் செருகினேன், அடங்கிவிட்டது.